ஃபோர்கேதர் என்றொரு வினைச்சொல்

அந்த வார்த்தையை நான் முதலில் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அப்போது நான் உதவியாளாக இருந்தேன். அங்கேயே லோயரும் ஹையரும் முடித்தவள். அதை நடத்தியவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். என் அப்பா ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பெண்ணை வெளியூருக்கு வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்றவர், குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து போகிற தூரம் என்பதால் இதற்கு மட்டும் சம்மதித்திருந்தார்.

எங்களிடம் பழைய தமிழ் மெஷின் ஒன்று இருந்தது. அதனால் மனு, நோட்டீஸ் எல்லாம் எங்களிடம் வரும். ஆங்கிலத்தில் கொடுத்தால் தமிழாக்கியும் தருவோம். தமிழாக்குவது நான். திருத்துவது மாஸ்டர்.

அன்று வந்த காகிதம் திண்டிவனத்து வக்கீல் ஒருவருடையது. காணைக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில், பிள்ளையில்லாமல் இறந்துபோன நிலக்காரர் ஒருவர், தன் வயலில் பரம்பரையாக உழைத்த பதினாலு கூலிக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு வீட்டுமனை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை நிறைவேற்றும் பொறுப்பு வக்கீலுடையது. குடும்பத் தலைவர்கள் திண்டிவனத்தில் அவர் பங்களாவுக்கு வந்து கைநாட்டு வைக்க வேண்டும். அதன்பிறகு பத்திரம் பதிவாகும். அதற்கான அழைப்பைத் தமிழில் பதினாலு படி எடுத்துத் தரச் சொல்லியிருந்தார்.

அவர் ஆங்கிலம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி இருக்கும். வரச் சொல்ல வேண்டிய இடத்தில் எழுதியிருந்தார்: 'ஷல் ஃபோர்கேதர் ஆன் தர்ஸ்டே'.

கேதர் எனக்குத் தெரியும். ஃபோர்கேதர் தெரியாது. இன்ஸ்டிட்யூட்டில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று உண்டு. எஃப் எழுத்தில் தேடினேன். ஃபோர்ஆர்ம் இருந்தது, ஃபோர்காஸ்ட் இருந்தது, ஃபோர்ஃபாதர் இருந்தது, ஃபோர்ஹெட் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய இடத்தில் இது மட்டும் இல்லை. வாக்கியத்தைப் பார்த்தால் 'கூட வேண்டும்' என்பதைத் தவிர வேறு அர்த்தம் வர வழியில்லை. 'வியாழக்கிழமையன்று வந்து கூட வேண்டும்' என்று எழுதி மாஸ்டரிடம் நீட்டினேன்.

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"ஃபோர்ரை எங்கம்மா விட்டுட்ட?"

"அது சும்மா சேர்ந்து வர்றதுன்னு நெனைக்கிறேன் சார். கூடுறதுதான் அர்த்தம்."

"ஃபோர்காஸ்ட்னா என்னா? முன்னாடியே சொல்றது. ஃபோர்ஃபாதர்னா? நமக்கு முன்னாடி இருந்தவங்க. அப்ப ஃபோர்கேதர்னா?"

"ஆன் தர்ஸ்டேன்னு போட்டிருக்காரே சார்."

"அதனாலதாம்மா ஃபோர் போட்டிருக்காரு. வியாழக்கிழமை காரியம். முன்னாடியே வந்து கூடிடணும். வெளியூர் ஆளுங்க, லேட்டா வந்தா அவருக்குப் பேஜாரு. வக்கீலு ஒரு எழுத்தைச் சும்மா போட மாட்டாரு."

"ஒரு கார்டு போட்டுக் கேட்டுடலாமே சார்."

"அவருக்குக் கார்டு போட்டு, உங்க இங்கிலீஷ் எங்களுக்குப் புரியலன்னு எழுதச் சொல்றியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். 'வியாழக்கிழமைக்கு முன்தினமே வந்து கூடியிருக்க வேண்டியது' என்று அவர் பென்சிலால் எழுதியதை அப்படியே மெஷினில் அடித்தேன். பதினாலு படி. கார்பன் வைத்து நாலு தடவை. அன்றைக்கே ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை காலை பாசஞ்சரில் நான் திண்டிவனம் போனேன். கைநாட்டு வைக்க வேண்டிய தமிழ்ப் பத்திரங்களையும் நாங்கள்தான் அடித்திருந்தோம். அதை வக்கீலிடம் நேரில் சேர்க்க வேண்டும். மாஸ்டருக்கு வகுப்பு இருந்ததால் என்னை அனுப்பினார்.

பங்களா கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், துணி மூட்டைகளோடு ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என் கையில் இருந்த காகிதக் கட்டைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"யம்மா, நீ வக்கீலு வூட்டு ஆளா?"

"இல்லம்மா. பத்திரம் குடுக்க வந்திருக்கேன். நீங்க காணைப் பக்கமா?"

"ஆமா. நேத்துக் காலையிலேயே வந்துட்டோம். இந்தக் காயிதத்துல அப்படித்தான் போட்டிருக்குதாம், எங்கூரு வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. வந்தா, இந்தக் கேட்டுக்காரரு நாளைக்குத்தான் போங்கன்னுட்டாரு. வக்கீலய்யா ஊர்லயே இல்லையாம். உள்ள குந்தவும் வுடல."

முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்துக் காட்டினாள். எங்கள் மெஷினில் 'ய' கொஞ்சம் கீழிறங்கி விழும். இறங்கித்தான் விழுந்திருந்தது.

"பதினாலு பேரும் வந்தீங்களா?"

"எல்லாந்தான் வந்தோம். கரும்பு வெட்டு நடக்குது, வெல்லம் காச்சுற நேரம். ஒரு நாளைக்கு வுட்டாரு இப்ப நாங்க வேலை செய்யிற நிலத்துக்காரரு, ரெண்டாம் நாளைக்கு வுடுவாரா? பொழுது சாயப் பாதிக்கு மேல திரும்பிப் போயிட்டாங்க. எங்க வூட்டுக்காரரும் போயிட்டாரு. நான் இருந்து வாங்கியாறேன்னு சொல்லி ரெயிலடியில தங்கிட்டேன்."

என் கையில் இருந்த பத்திரங்களில் அவள் புருஷன் பெயரைத் தேடினேன். இருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. பதினாலில் பதினாலும் ஆண் பெயர்கள். நானே அடித்தவைதான். அடிக்கும்போது அது எனக்கு ஒரு விஷயமாகத் தோன்றவே இல்லை.

பத்து மணிக்கு வக்கீல் வெளியே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வயதானவர். ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. ஐந்து பேரின் கைநாட்டை வாங்கினார். அந்தப் பெண் முன்னால் வந்ததும் காகிதத்தைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது உன் புருஷன் பேரு. அவன் எங்க?"

அவள் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

"யார் இதைத் தமிழ்ப்படுத்தினது?"

மாஸ்டர் என்று சொல்லியிருக்கலாம். "நாங்கதான் சார். ஃபோர்னா முன்னாடின்னு எடுத்துக்கிட்டோம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. ரொம்ப நாளாக யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டுவிட்ட மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அதுதான் பெரும்பாலோர் செய்யற தப்பு. இந்த ஃபோர் முன்னாடிங்கற ஃபோர் இல்லை. ஃபோர்கேதர்னா கூடறது, சந்திக்கிறது, அவ்வளவுதான். ஸ்காட்லாந்துக்காரங்க வழியா வந்த சொல். நடுவில் 'ஈ' போடாமலும் எழுதுவாங்க, போட்டும் எழுதுவாங்க. நான் போடறவன். அப்புறம், அது செயப்படுபொருள் ஏற்காது. கூட்டத்தைக் கேதர் பண்ணலாம், ஃபோர்கேதர் பண்ண முடியாது. ஜனங்களே தாங்களா..."

"சார்," என்றேன், "மனை வாங்க வேண்டியவங்க ஒன்பது பேர், ஒரு கூட்டமா, வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க சார்."

"வருத்தந்தான். வேற தேதி வைப்போம்."

"எப்ப சார்?"

"கண் ஆபரேஷனுக்கு நாளைக்கு மெட்ராஸ் போறேன். திரும்பி வர மூணு மாசம் ஆகும்."

"இந்தம்மாவையாவது கைநாட்டு வைக்க விடுங்க சார். குடும்பத்துக்குத்தானே மனை?"

"பத்திரத்துல இருக்கிற பேருதாம்மா வைக்கணும். அப்படி எழுதியிருக்கும்போது நான் என்ன செய்யட்டும்?"

நின்றுகொண்டிருந்த அந்தப் பெண் கேட்டாள்: "அவரு இன்னைக்கே வந்தாக்கா ஒத்துக்குவீங்களா சாமி?"

வக்கீல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணி வரைக்கும் இருப்பேன்."

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன். அவளோடு ஏன் போனேன் என்று வீட்டில் பிறகு எத்தனையோ தடவை கேட்டார்கள். எனக்கே விடை தெரியாது. வெறுங்கையோடு இன்ஸ்டிட்யூட்டுக்குத் திரும்பி மாஸ்டர் முகத்தைப் பார்க்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

விழுப்புரம் போகிற வண்டி கிடைக்க ஒரு மணி ஆகிவிட்டது. அங்கிருந்து காணைக்கு பஸ். காணையிலிருந்து வரப்பு வழியாக நடை. வழியில் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. அகராதியில இல்ல."

"தெரியலன்னா தெரியலன்னு எழுதியிருக்கலாமில்ல? எங்க வாத்தியாரு யாரையாச்சும் கேட்டுக்கினு வந்திருப்பாரே."

நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். மாஸ்டரிடம் வாதாடியதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். அதைச் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

கரும்புத் தோட்டத்தில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கொப்பரையில் பாகு கொதித்தது. அவள் புருஷன் கத்தியோடு கரும்புக்கு நடுவில் நின்றான். விஷயத்தைச் சொன்னதும் அவன் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை.

"நேத்து வரச் சொன்னீங்க, வந்தோம். இன்னைக்கு வரச் சொல்றீங்க. நாளைக்கு வேற எவனாச்சும் வந்து, அது நேத்தோட முடிஞ்சுபோச்சும்பான்."

"இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் இருக்கேன்னு வக்கீலே சொன்னாரு. நான் கேட்டேன்," என்றேன்.

நிலத்துக்காரர் வரப்பில் நின்று கத்தினார். "கொப்பரை அடுப்பு மேல இருக்குது, கரும்பு பத்தலன்னா பாகு தீஞ்சிபூடும். இப்பப் போனியானா நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

அந்தப் பெண் புருஷனிடம் போனாள். அவன் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கரும்புக் கட்டின்மேல் வைத்தாள். "ஜல்தி வா" என்றாள். அவன் தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்தான். மற்றவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு பேர் வேறு தோட்டத்தில் இருந்தார்கள், தேடிப்போக நேரமில்லை. மீதிப்பேர் நிலத்துக்காரரைப் பார்த்தார்கள், பிறகு கரும்பைப் பார்த்தார்கள்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு நாங்கள் வந்தபோது வண்டி நின்றிருந்தது. நின்றிருந்ததே தவிரப் புறப்படவில்லை. எஞ்சினில் ஏதோ கோளாறு. என் அப்பா அங்கேதான் கொடியோடு நின்றார். என்னைக் கூலிக்காரர்கள் இருவரோடு பார்த்ததும் அவர் முகம் மாறியது. கிட்டே வந்து, "எங்க போய்க்கினு இருக்கே?" என்றார்.

"திண்டிவனம். வண்டி எப்பப்பா எடுப்பாங்க?"

"எடுக்கறப்ப எடுப்பாங்க. நீ வூட்டுக்குப் போ."

"போக மாட்டேன்ப்பா." அவரிடம் அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்பதுபோல் அவர் திரும்பிப் போனார்.

வண்டி கிளம்பியது. விக்கிரவாண்டியில் கூட்ஸுக்காக நிறுத்தினார்கள். பேரணியில் எதற்கென்றே தெரியாமல் நின்றது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்புச் சோகை கிழித்த கையைத் துண்டால் ஒத்திக்கொண்டிருந்தான். மயிலம் தாண்டும்போது அவள் என்னிடம் மணி கேட்டாள். என்னிடம் கடிகாரம் இல்லை. எதிரில் இருந்தவர் ஐந்தே முக்கால் என்றார். அப்புறம் அவள் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் பங்களாவுக்குப் போனபோது கேட்டுக்காரர் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா அஞ்சு மணிக்கே போயிட்டாங்க. மாப்பிள்ளை காரு எடுத்துக்கினு வந்தாரு. நாளைக்கு ரெயில்ல எதுக்குப் போவணும், இப்பவே காருல போயிடலாம்னு கெளம்பிட்டாங்க."

"ஆறு மணி வரைக்கும் இருப்பேன்னாரே."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலியேம்மா."

வண்டி சரியான நேரத்துக்கு ஓடியிருந்தாலும் அஞ்சுக்கு முன்னால் வந்திருக்க முடியாது. இதை நினைத்து ஆறுதல் அடையப் பார்த்தேன். ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆத்திரம். அவன் கேட்டுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. "எழுந்திரு. வண்டி போயிடும்" என்றாள்.

மறுநாள் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

"வக்கீல் என்னா அர்த்தம் சொன்னாரு?"

"கூடுறதுன்னாரு சார்."

"அதைத்தானே நாமளும் போட்டோம். கூடியிருக்க வேண்டியதுன்னு."

"முன்தினமேன்னு போட்டோம் சார்."

"ஒரு நாள் முன்னாடி போனா என்னா குறைஞ்சுபோவுது? வந்தவங்க இருந்திருக்கணும்."

அன்றோடு நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வேறு வேலை இல்லை. பகல் வகுப்பு முடிந்ததும் அந்த ஒன்பது குடும்பங்களுக்காக மெட்ராஸில் சர்க்காருக்கும் கடலூரில் கலெக்டருக்கும் மனு அடித்தேன். மாஸ்டர் காகிதத்தை எண்ணிப் பார்த்து முகம் சுளிப்பார். வக்கீலுக்கு நாலு கடிதம் போட்டேன். இரண்டுக்குப் பதில் வந்தது, அழகான ஆங்கிலத்தில். கண் ஆறவில்லை என்றும் கோடைக்குள் வந்துவிடுவதாகவும் எழுதியிருந்தார். கோடைக்கு முன்பே மெட்ராஸில் இறந்துபோனார். இறந்த நிலக்காரரின் அண்ணன் மகன், பதிவான ஐந்து மனையைத் தவிர மீதி நிலம் தனக்கே சேர வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார். நிலம் அப்படியே கிடந்தது.

அறுபத்தொன்றுவாக்கில் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அப்பா வேண்டாம் என்றும் போய்ச் சேர்ந்தேன். அங்கே நூலகத்தில் இரண்டு பாகமாக ஒரு பெரிய அகராதி. சேர்ந்த முதல் வாரமே எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல் 'ஈ' இல்லாமல், ஃபோர்கெட் என்பதற்கும் ஃபோர்கிவ் என்பதற்கும் மேலே உட்கார்ந்திருந்தது. அதாவது எங்கள் கிழிந்த அகராதியிலும் நாலு பக்கம் தள்ளி அது இருந்திருக்கக்கூடும். நான் ஃபோர்ஹெட்டோடு நிறுத்திவிட்டேன். நண்பர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுவதற்கும், கிளப்பில் சந்தித்துக்கொள்வதற்கும் அதை எடுத்தாளலாம் என்று விளக்கம் போட்டிருந்தது. ஆட்களை இன்ன நாளில் ஆஜராகச் சொல்வதற்கு உதாரணம் ஒன்றுகூட இல்லை. வக்கீலுக்கே அது பொருந்தாத இடத்தில் வந்து விழுந்த சொல்தான். 'கம்' என்று நாலெழுத்தில் எழுதியிருந்தால் போதும்.

அகராதியை மூடிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று வருகைப் பதிவேட்டில் இரண்டு இடத்தில் தப்பு எழுதி அடித்தேன்.

கோர்ட்டில் வழக்கு சமரசமானது அறுபத்தாறில். ஒன்பது குடும்பங்களுக்கும் மனை உண்டு என்று தீர்ந்தது, ஆனால் முதலில் சொன்ன மேட்டுப்பக்கம் அல்ல. வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த பக்கம். எட்டுப் பேர் கைநாட்டு வைத்தார்கள். ஒன்பதாவது ஆளுக்குப் போன நோட்டீஸ் ஊரில் இல்லை என்று திரும்பி வந்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை போனபிறகு அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் பாண்டிச்சேரிப் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

விசாரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மூன்றாவது தெருவில் கண்டுபிடித்தேன். ஒரே அறை, ஓட்டு வீடு. அவள் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: வழக்கு முடிந்தது, மனை உண்டு, புருஷன் வந்தால் போதும், இந்தத் தடவை தேதியை நானே சரிபார்த்துவிட்டேன்.

அவள் கேட்டுக்கொண்டே உரித்தாள்.

"மேட்டுப்பக்கமா?"

"இல்லம்மா. வாய்க்கால் பக்கம்."

"மழை பேஞ்சா அங்க முழங்கால் தண்ணி நிக்கும்."

"மண்ணு கொட்டி ஒசத்திக்கலாம்மா."

"யாரு கொட்டறது? அவரு மூணு ஷிப்டு பார்த்துக்கினு இருக்காரு. எம்பொண்ணு இங்க அஞ்சாவது படிக்குது. அவரு தம்பி ஊர்ல இருக்கான், அவனுக்கு எழுதிக் குடுத்துடச் சொல்றேன். நீ இதுக்கோசரம் அலையாதம்மா."

"உங்களுக்குன்னு வந்தது அது. ஏழு வருஷமா..."

"ஏழு வருஷம் உனுக்கு. எங்களுக்கு அன்னைக்கே முடிஞ்சுபோச்சு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கை மல்லாட்டையை அள்ளி என் முன்னால் வைத்தாள். நான் இரண்டு பருப்பு வாயில் போட்டேன். அவள் மகள் புத்தகத்தோடு உள்ளே வந்து, யார் இது என்று கேட்டது. "திண்டிவனத்து டீச்சரு" என்றாள் அவள். நான் டீச்சர் இல்லை என்று திருத்தவில்லை.

அடுத்த மாதம் தம்பிக்காரன், அண்ணன் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு வந்து கைநாட்டு வைத்தான். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் நானும் ஒருத்தி. அவன் மண் கொட்டி மேடாக்கி ஒரு கூரை வீடு போட்டுக்கொண்டான். நல்ல பையன்தான். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருக்கக் காரணமில்லை, ஆனாலும் அந்த வீட்டுக்குள் வரச் சொல்லி அவன் இரண்டு தடவை கூப்பிட்டும் நான் போகவில்லை.